எங்கட ஆய்வுகள் ஏன் தேடினால் வருவதில்லை?

தன்னாமுனையில் எங்கட வீட்டிலயிருந்து ரெண்டு ஒழுங்கை தள்ளி ஒரு அக்கா இருக்கிறா. பத்து வருசத்துக்கு முதல் கலைப்பீடத்தில் படிச்சவ. இறுதி வருசத்தில் அவ செய்த ஆய்வு வாவிக்கரை மீனவர்களின் தொழிற்சொற்கள் பற்றியது. போன வருசம் நானும் கிட்டத்தட்ட அதே தலைப்பைத்தான் எடுத்தேன். அப்படி ஒரு ஆய்வு இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. தலைப்புக் கொடுத்து, அது ஏற்கப்பட்டு, மூன்று மாதம் இணையம் முழுக்கத் தேடி, “இவ்விடயம் தொடர்பாக முன்னைய ஆய்வுகள் எவையும் மேற்கொள்ளப்படவில்லை” என்று முன்னுரையில் வசனமும் எழுதியாச்சு.

பிறகு ஒரு பின்னேரம் அம்மாதான் தற்செயலாகச் சொன்னா: “இதத்தானே அவளும் எழுதினவள். அந்த நேரம் கொப்பியும் பேனையுமா ஆத்தங்கரையில திரிஞ்சவள், உனக்கு ஞாபகம் இல்லையா?”

எனக்கு ஞாபகம் இல்லை. நான் அப்ப ஆறாம் ஆண்டோ ஏழாம் ஆண்டோ.

என்ட மடிக்கணினியில் அந்த நேரம் இருந்த இலவசக் கருவிகளை எண்ணினால் ஒரு கை விரல் காணாது. கட்டுரை தேடுவதற்கு ஒன்று, மேற்கோள் ஒழுங்குபடுத்த ஒன்று, ஸ்கேன் செய்த பக்கத்தை எழுத்தாக மாற்ற ஒன்று, காசு கேட்கிற கட்டுரைக்கு இலவசப் பிரதி இருக்கா என்று பார்க்க ஒன்று. பட்ச்சில் உள்ள ஆக்களுக்கு நான்தான் இவற்றையெல்லாம் நிறுவிக் கொடுத்தது. கொஞ்சம் பெருமையும் இருந்தது. அவ்வளவும் சேர்ந்து கண்டுபிடிக்காததை அம்மா, மீன் வெட்டிக்கொண்டிருக்கேக்க சொல்லிட்டுப் போனா.

இதை வைத்து “கருவிகள் எல்லாம் வீண், மனிதர்தான் பெரிசு” என்று ஒரு பதிவு எழுதலாம். நிறைய லைக்கும் விழும். ஆனா அது உண்மை இல்லை. அக்காவின் ஆய்வு தேடலில் வராததற்குக் காரணம் கருவி இல்லை, நாங்கள். அதைத்தான் எழுத வந்தேன்.

முதலில் அக்காவின் ஆய்வைக் கண்டெடுத்த கதை. அவவிடம் இருந்த பைண்ட் பண்ணின பிரதி ஒரு மாரி வெள்ளத்தில் நனைந்து, பக்கங்கள் ஒட்டிப்போய், வீட்டுக்காரர் எறிந்துவிட்டார்கள். கையளித்த பிரதி எங்கேயோ ஒரு அலுமாரியில் இருக்கலாம் என்றா. மிஞ்சினது ஒரு சீடி. என்ட மடிக்கணினியில் சீடி போடுற இடமே இல்லை. ஏறாவூர்ப் பக்கம் ஒரு ரைப்செற்றிங் கடையில் பழைய கணினி ஒன்று இருந்தது. அந்த அண்ணா சீடியைத் துணியால் துடைத்து, ரெண்டு மூன்று தரம் உள்ளே வெளியே எடுத்து, கடைசியில் பென்ட்ரைவுக்கு ஏற்றித் தந்தார். வீட்டுக்கு வந்து திறந்தால் 84 பக்கம், ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. முழுக்க ஆங்கில எழுத்து, அரைப்புள்ளி, அடைப்புக்குறி. பூனை கீபோட்டில் நடந்த மாதிரி.

இலங்கையில் தமிழில் எழுதிற ஆக்களுக்கு இது என்ன வருத்தம் என்று உடனே விளங்கும். பாமினி.

விளங்காத ஆக்களுக்காகச் சொல்றன். பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்தால், கணினிக்குள் பதிவாவது அம்மா இல்லை. ஆங்கில எம், பிறகு கே, ஒரு அரைப்புள்ளி, இன்னொரு கே, கடைசியில் எச். அந்த எழுத்துகளுக்கு மேலே பாமினி என்ற சட்டையைப் போட்டால்தான் கண்ணுக்கு அம்மா தெரியும். சட்டையைக் கழற்றினால், அதாவது அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், உள்ளே இருக்கிற கோலம் வெளியே வந்துவிடும். கண்ணுக்கு அழகான தமிழாகத் தெரியும் ஒரு பிடிஎவ்கூடப் பெரும்பாலும் இப்படித்தான். அதிலிருந்து ஒரு வரியைப் பிரதிசெய்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள்.

இப்ப ஒரு தேடுபொறியின் நிலையில் இருந்து யோசியுங்கோ. அதற்குக் கண் இல்லை, உள்ளே இருக்கிற எழுத்துதான் தெரியும். நான் ‘மட்டக்களப்பு வாவி’ என்று யூனிகோடில் தேடுகிறேன். பாமினியில் எழுதிய கட்டுரை, தலைப்பிலேயே மட்டக்களப்பு வாவி என்று இருந்தாலும், தேடுபொறிக்கு அது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். ஆகவே வராது. அக்காவின் சீடி இணையத்தில் ஏறியிருந்தால்கூட வந்திருக்காது. எங்கட பக்கத்துத் தமிழ் ஆய்விதழ்கள், மாநாட்டுத் தொகுப்புகள், விழா மலர்கள் எத்தனை இப்படி இணையத்தில் இருந்தும் இல்லாமல் கிடக்குது! அந்த இடைவெளிக்குள்தான் நாங்கள் எல்லாரும் “முன்னைய ஆய்வுகள் எவையும் மேற்கொள்ளப்படவில்லை” என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். எனக்கு அடுத்த வருசம் வாற தம்பியோ தங்கச்சியோ என்ட ஆய்வையும் சேர்த்து அப்படித்தான் எழுதும்.

யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்தது 1991இல். விண்டோஸ் 2000 வரும்போதே லதா என்ற எழுத்துரு உள்ளேயே வந்தது. இந்த ரெண்டும் நடக்கும்போது நான் பிறக்கவே இல்லை. ஆனாலும் நான் கையளிக்க வேண்டிய ஆய்வுக்கு எங்களுக்குத் தந்த வழிகாட்டியில் “எழுத்துரு: பாமினி, அளவு: 12” என்று இருந்தது. ஏன் என்று கேட்டேன். “எல்லாரும் அப்படித்தான் தாறவங்க” என்றார்கள். கோபிக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. அது ஒரு கேள்வியாகவே அவர்களுக்குப் படவில்லை.

பாமினியை விடமாட்டோம் என்கிறவர்கள் சொல்லும் நியாயம் விரல் பழக்கம். அது உண்மையான நியாயம்தான். இருபது வருசம் ஒரு விசைப்பலகையில் அடித்த கை வேறொன்றுக்கு இலேசில் மாறாது. ஆனா அதற்கும் வழி வந்து எவ்வளவோ காலம். சென்னையில் நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்.எச்.எம். ரைட்டர் என்ற இலவச மென்பொருளைப் போட்டால், பாமினியில் எந்த விசையை அழுத்துவீர்களோ அதையே அழுத்தலாம், விழுவது யூனிகோடாக இருக்கும். விரலுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அந்தக் கடை அண்ணாவுக்கு இதைக் காட்டினபோது அவர் ரெண்டு வரி அடித்துப் பார்த்துவிட்டு, “இது எப்ப வந்தது?” என்று கேட்டார். நான் பள்ளிக்கூடம் போகும் காலத்திலேயே இருந்தது என்று சொல்ல மனம் வரவில்லை.

அக்காவின் 84 பக்கத்தையும் சுரதாவின் எழுத்துரு மாற்றியில் போட்டேன். புலம்பெயர்ந்து வாழும் ஒரு ஈழத் தமிழர் செய்து இலவசமாக விட்ட கருவி அது. ஒட்டினால், ஒரு கிளிக்கில் தமிழ் வந்து நிற்கும். முதல் பக்கம் திரும்பி வந்தபோது எனக்கு ஏதோ செய்தது, பொய் சொல்லேல்ல. ஆனா பிழையும் சேர்ந்து வந்தது. பாமினியில் ‘இ’ இருக்கிற இடம் ஆங்கிலக் காற்புள்ளியின் இடம். அதனால் அக்கா ஆங்கிலக் காற்புள்ளி போட்ட இடமெல்லாம் “ஏறாவூர்இ வாழைச்சேனைஇ கல்லாறுஇ” என்று ஆகியிருந்தது. எங்கட செய்தித் தளங்களில் இந்த அநாதை ‘இ’யைப் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் இருந்த நூற்பட்டியல் முழுவதும் தமிழ் எழுத்தில் உளறலாக மாறிப்போனது. அதைப் பக்கம் பக்கமாகத் திருத்துவதுதான் கடந்த நாலு மாதமாக என்ட இரவு வேலை.

அதற்குள் என்ன இருக்குது என்று கேட்பீர்கள். பின்னிணைப்பில் தகவல் தந்தவர்களின் பட்டியல். அதில் ஆறாவது பெயர் அம்மாவின் மாமா. மூன்று வருசத்துக்கு முதல் மோசம்போனவர். வீச்சுவலை, அத்தாங்கு என்று எல்லாருக்கும் தெரிந்த சொற்கள் இல்லை அவர் சொன்னது. வலை போடுவதில் ஒவ்வொரு கட்டத்துக்கும், தண்ணியின் நிறம் மாறுவதற்கும், மாரியில் முகத்துவாரம் வெட்டின பிறகு உள்ளே வருகிற தண்ணிக்கும் தனித்தனிப் பெயர் சொல்லியிருக்கிறார். நான் இப்ப போய்க் கேட்டபோது, அவரோடு ஒரே தோணியில் போன ஒரு மாமா சொன்னார்: “அதுக்கொரு பேர் சொல்லுவம் மகள்... வாயில நிக்குது, வருகுதில்ல.” நாப்பது சொல்லுக்கு மேல் அக்காவிடம் இருக்குது, என்னிடம் இல்லை, இனி யாரிடமும் கேட்டு எடுக்கவும் ஏலாது. அவற்றை இங்க எழுதப்போறதில்லை. அது அக்காவின் உழைப்பு, முதலில் அவ பேரில் வரட்டும்.

சரி, மற்றக் கருவிகள் பற்றி. இந்தத் தளத்தை வாசிக்கிற கலைப்பீடத்து ஆக்கள் எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டு எழுதியிருந்தார்கள். என்ட அனுபவம் இது, ஒழுங்குமுறையான கையேடு இல்லை.

எங்கட பட்ச் 2022இல் கம்பஸ் அனுமதிக்காகக் காத்திருந்த பட்ச். மார்ச் மாத முடிவில் நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. வீட்டில் யாரும் மடிக்கணினி பற்றிப் பேச்செடுக்க முடியாத காலம். முதல் வருசம் முழுக்கப் போனில்தான் ஒப்படை எழுதினேன். ஆகவே இலவசக் கருவி என்பது எங்களுக்குக் கொள்கை இல்லை, வேறு வழி இல்லாதது. ஆனா பாவிக்கப் பாவிக்க ஒன்று விளங்கினது. தமிழில் எங்களிடம் ரெண்டு சொல் இருக்குது: இலவசம், கட்டற்றது. காசு கேட்காதது இலவசம். திறந்து பார்க்கலாம், மாற்றலாம், யாரும் திருப்பிப் பறிக்க முடியாது என்றால் கட்டற்றது. ரெண்டும் ஒன்றில்லை.

உதாரணத்துக்கு மெண்டலி. மேற்கோள்களைச் சேர்த்து வைக்கிற இலவச மென்பொருள், ஒரு காலத்தில் மாணவர்களுக்குச் செல்லப்பிள்ளை. 2013இல் எல்சவியர் என்ற பெரிய ஆய்விதழ் நிறுவனம் அதை வாங்கினது. எங்களைப் போன்றவர்கள் வாசிக்க முடியாத விலைக்குக் கட்டுரை விற்கிற அதே நிறுவனம்தான், நாங்கள் என்ன வாசிக்கிறோம் என்று சேர்த்து வைக்கிற பெட்டிக்கும் சொந்தக்காரன். இன்னும் இலவசம்தான். நான் சொட்டேரோவுக்கு வந்தது இதனால். அமெரிக்காவில் ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத்துறை ஆக்கள் 2006இல் தொடங்கினது அது. மூலநிரல் திறந்து கிடக்கு. 300 எம்பி வரை அவர்களின் சேவையகத்தில் சும்மா வைக்கலாம். அன்ட்ரொயிட் போனுக்கும் வந்திட்டுது. ஒரு கட்டுரையின் பக்கத்தில் நின்று ஒரு பொத்தானை அழுத்தினால் ஆசிரியர், ஆண்டு, இதழ் எல்லாம் தானாகப் பதிவாகும். வேர்டிலோ லிப்ரே ஒபிஸிலோ எழுதும்போது அடைப்புக்குறிக்குள்ளும் கடைசி நூற்பட்டியலிலும் தானாக விழும். கையளிக்கிறதுக்கு முதல்நாள் இரவு உசாத்துணைப் பட்டியல் ஒழுங்குபடுத்தி அழுத யாருக்கும் இதன் அருமை தெரியும்.

ஆனா தானாக விழுவது ஆங்கில நூலுக்கு. தமிழ் நூலுக்கு நீங்கள்தான் கையால் அடிக்க வேணும். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று ரெண்டு பெட்டி காட்டும்; வி. சீ. கந்தையாவுக்குக் குடும்பப்பெயர் எது? ‘கந்தையா’வைக் கடைசிப் பெட்டியிலும் ‘வி. சீ.’யை முதல் பெட்டியிலும் போட்டால் அகரவரிசை சரியாக வரும், அவ்வளவுதான் தந்திரம். எங்கட பெயரமைப்பை உலகத்துக்கு விளங்கப்படுத்தும் பொறுப்பை நான் இன்னும் ஏற்கவில்லை.

ஆங்கிலக் கட்டுரைகளுக்கு வழி பல. ஜேஸ்ரோரில் சும்மா ஒரு கணக்குத் திறந்தால் 30 நாளைக்கு 100 கட்டுரை வரை இணையத்தில் வைத்தே வாசிக்கலாம். கம்பஸ் சந்தா இருக்கோ இல்லையோ பிரச்சினை இல்லை. அன்பேவோல் என்ற நீட்சியை உலாவியில் போட்டால், காசு கேட்கிற கட்டுரைக்குச் சட்டப்படி இலவசப் பிரதி வேறெங்காவது இருந்தால் பச்சையில் பூட்டுத் திறந்து காட்டும். இலங்கை ஆய்விதழ்களுக்கு தேசிய விஞ்ஞான மன்றம் நடத்துகிற ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் இருக்கு. இது எதிலும் கிடைக்காவிட்டால் கட்டுரை எழுதினவருக்கே மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போடுங்கோ. முக்கால்வாசிப் பேர் அனுப்புவார்கள், சந்தோசப்படுவார்கள்.

இப்படி எல்லாம் தேடினால் மட்டக்களப்பு எனக்கு எப்படிக் கிடைத்தது தெரியுமா? இறால் வளர்ப்பு, நீரின் உப்புத்தன்மை, கண்டல் காடு. எல்லாம் ஆங்கிலத்தில், எல்லாம் விஞ்ஞானம். மனிதரைப் பற்றித் தேடினால் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் ஆய்வு செய்து 2008இல் எழுதின புத்தகம், மார்க் விற்றேக்கர் மண்டூர்க் கோயிலைப் பற்றி 1999இல் எழுதின புத்தகம். ரெண்டு பேரும் வெளியில் இருந்து வந்து வருசக்கணக்கில் இருந்து எழுதினவர்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனா தேடலின் முதல் பக்கத்தை மட்டும் பார்க்கிற ஒருவர், மட்டக்களப்பார் தங்களைப் பற்றித் தாங்களே ஒன்றும் எழுதவில்லை என்று நினைத்தால் பிழை சொல்ல ஏலாது.

நான் அப்படி நினைக்காமல் தப்பினது நூலகம் தளத்தால். 2005இல் சில இளைஞர்கள் தொடங்கின வேலை. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் 97,000 அளவான நூல்கள் எரிந்ததைக் கதையாகக் கேட்டு வளர்ந்த ஒரு சமூகத்தில், புத்தகத்தை எரிக்க முடியாத இடத்தில் வைப்பம் என்று யோசித்தவர்கள். எஃப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம், வி. சீ. கந்தையாவின் 1964ஆம் ஆண்டு மட்டக்களப்புத் தமிழகம் ரெண்டையும் நான் அங்கேதான் வாசித்தேன், பஸ்ஸில், போனில். நான் பட்டியலிட்ட கருவிகள் எல்லாம் யாரோ, யாருக்கோ, எங்கட கையிலும் வந்து சேர்ந்தது. இது ஒன்றுதான் என்ட கேள்விக்காகவே செய்தது மாதிரி இருந்தது.

அங்கேயும் தேடத் தெரிய வேணும். விபுலாநந்தர் என்று அடித்தால் ஒரு தொகுதி, விபுலானந்தர் என்று அடித்தால் வேறொரு தொகுதி. காரைதீவில் பிறந்த மனுசன் ஒருவர்தான். மௌனகுரு சேரின் பெயர் இன்னும் மோசம்: ‘மௌ’வை ஒரே உயிர்க்குறியாக அடிக்கலாம், ‘மெ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ போட்டும் அடிக்கலாம். திரையில் ரெண்டும் ஒன்று. கணினிக்கு வேறு வேறு ஆள். நான் தலைப்பில் ‘வாவி’ என்று தேடிக்கொண்டிருந்தேன். பழைய எழுத்துகளில் ‘களப்பு’, ஊரில் யாரைக் கேட்டாலும் ‘ஆறு’. அம்மாகூட ஆத்தங்கரை என்றுதானே சொன்னா. ஸ்கேன் செய்த நூல்களில் சிலதுக்கு எழுத்துணரியாக்கம் என்று ஒரு இணைப்பு இருக்கும், பொறி வாசித்த எழுத்து அது. உதவும். ஆனா யானைத் தும்பிக்கை மாதிரி வளைகிற பழைய ‘லை’யும் ‘ணை’யும் வந்தால் பொறி தடுமாறும், ‘ர’வையும் காலையும் மாறி வாசிக்கும். அப்படியே மேற்கோள் காட்டினால் நீங்கள் மாட்டுவீர்கள்; பக்கத்தைக் கண்ணால் பாருங்கோ.

செய்யறிவுச் செயலிகள் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். ஒன்றிடம் மட்டக்களப்பு மீனவர் வழக்கு பற்றித் தமிழ் நூல்கள் தா என்று கேட்டேன். அஞ்சு தந்தது. அதில் ஒன்று வி. சீ. கந்தையாவின் பெயரில், பதிப்பகம், பக்க எண் எல்லாம் போட்டு. அப்படி ஒரு புத்தகம் எங்கே தேடியும் இல்லை. ஆங்கில வசனம் திருத்த, ஒரு பந்தியைச் சுருக்க அதைப் பாவியுங்கோ, நான் பாவிக்கிறன். ஆனா அது ஏன் எங்கட விடயத்தில் இவ்வளவு துணிவாகப் பொய் சொல்லுது? அது வாசித்துப் பழகின இணையத்தில் நாங்கள் இல்லை. பாமினியில் கிடக்கிற ஆயிரக்கணக்கான பக்கம் அதற்கும் பூனை நடந்த கீபோட்டுத்தான்.

இப்ப என்ட கோரிக்கை. ஆய்வு வழிகாட்டியில் இருந்து பாமினியை எடுங்கோ, யூனிகோட் என்று போடுங்கோ. பைண்ட் பண்ணின மூன்று பிரதியோடு ஒரு மென்பிரதியும் கேளுங்கோ. அதை வைக்கிறதுக்கு டிஸ்பேஸ் என்ற கட்டற்ற மென்பொருளை இலங்கையில் எத்தனையோ பல்கலைக்கழகங்கள் ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருக்கின்றன. புதிதாக ஒரு சதமும் செலவில்லை. முழு ஆய்வையும் போட விருப்பம் இல்லையென்றால் தலைப்பும் சுருக்கமும் மட்டுமாவது. “இப்படியொன்று இருக்குது, இன்ன ஆளிடம் கேள்” என்ற அளவுக்குத் தெரிந்தாலே எனக்கு மூன்று மாதம் மிஞ்சியிருக்கும்.

இதைச் சொன்ன உடனே வருகிற பதில்: இணையத்தில் போட்டால் களவெடுப்பார்கள். இப்ப எடுக்கவில்லையா? சீனியரின் பைண்ட் பிரதியைப் போட்டோகொப்பி அடித்து, ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிக் கையளித்த கதைகள் எல்லா பட்ச்சிலும் இருக்கு. அலுமாரிக்குள் இருக்கிற ஆய்வைக் களவெடுத்தால் யாருக்கும் தெரியாது. தேடினால் வருகிற ஆய்வில் ஒரு வசனத்தைக் களவெடுத்தாலும் அந்த வசனமே காட்டிக்கொடுக்கும். களவுக்குப் பயந்தால் முதலில் வெளியே வைக்க வேணும்.

எனக்கு உண்மையிலேயே பதில் தெரியாத ஆட்சேபம் வேறொன்று. அதைச் சொன்னது வாயில் நிற்குது வருகுதில்லை என்ற அந்த மாமாதான். ரெண்டு மணித்தியாலம் கதைத்தார், பதிவு செய்ய விட்டார். நடுவில் 90ஆம் ஆண்டு வாவிக்குள் தோணி விட முடியாமல் போன காலத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, நிப்பாட்டி, “இத எழுதாத மகள்” என்றார். பைண்ட் பிரதியில் மூன்று பேர் வாசிக்கிறது வேறு, போனில் அடித்தால் யாருக்கும் வருகிறது வேறு என்று அவருக்குத் தெரியும்; எனக்கு முதலே தெரிந்திருக்கு. அக்காவின் காலத்தில் தகவல் தந்தவர்கள் ஒரு கொப்பிக்குத்தான் சொன்னார்கள், உலகத்துக்கு இல்லை. அதனால் பின்னிணைப்பில் உள்ள பெயர்களை எடுத்துவிட்டு, அவர்களின் பிள்ளைகளிடம் வீடு வீடாகப் போய்க் கேட்டுக்கொண்டு வாறம், நானும் அக்காவும். இதுவரைக்கும் யாரும் மறுக்கவில்லை. ஒரு வீட்டில், “அப்பாட பேரை ஏன் எடுக்கிறீங்க, போடுங்க” என்று கோபித்தார்கள்.

என்ட ஆய்வைப் போன கிழமை கையளித்தேன். முன்னுரையில் அந்த வசனத்தை வெட்டி, அக்காவின் ஆய்வைப் பற்றி ரெண்டு பந்தி எழுதினேன். வழிகாட்டியில் உள்ளபடி, யூனிகோடில் எழுதினதை எல்லாம் திரும்பவும் பாமினிக்கு மாற்றித்தான் அச்செடுத்தேன், கடை அண்ணா ஒரு பக்கம் பார்த்துவிட்டு, “நல்லா இருந்தத ஏன் தங்கச்சி கெடுத்தனீங்க?” என்றார். யூனிகோட் பிரதி சொட்டேரோவில் ஒன்று, பென்ட்ரைவில் ஒன்று, அக்காவின் போனில் ஒன்று. 2023இல் அரசாங்கத்தின் மேகக்கணியிலேயே மே 17இலிருந்து ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பாமல் போன நாடு இது, ஒரு இடத்தில் வைத்தால் காணாது.

அக்காவின் ஆய்வில் திருத்த இன்னும் 31 பக்கம் கிடக்கு. அநாதை ‘இ’ முழுக்க எடுத்தாச்சு. அட்டைக்குப் பெயர் எப்படிப் போடுற என்று கேட்டேன். அப்பாவின் முதலெழுத்தா, கலியாணத்துக்குப் பிறகு மாறினதா? நாளைக்குச் சொல்றன் என்றிருக்கிறா.